மதினி கடை கம்ப்யூட்டருக்கு ஆன செலவு 6,420 ரூபாய்

போன ஆவணியில் படுத்துவிட்ட மதினி கடை கம்ப்யூட்டர், தை முகூர்த்தக் கூட்டத்தையும் தாண்டி இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. சரி, இனி எழுதலாம் என்று நம்பிக்கை வந்துவிட்டது. பெட்டி, போர்டு, பிராசஸர், மானிட்டர், கீபோர்டு எல்லாம் 2012-ல் வாங்கியவை, அப்படியே இருக்கின்றன. பெட்டிக்குள் மற்றதில் பெரும்பாலானவை மாறிவிட்டன.

கடை மதுரைப் பக்கத்துத் திருமங்கலத்தில். ஜெராக்ஸ், டிடிபி (கம்ப்யூட்டரில் பக்கம் அமைத்துக் கொடுப்பது), லேமினேஷன். தாலுகா ஆபீசுக்கு மனு, டியூஷன் சென்டர்களுக்குக் கேள்வித்தாள், முகூர்த்த மாதங்களில் பத்திரிகை என்று வேலை வரும். எங்கள் பக்கம் காதணி விழாப் பத்திரிகை என்றால் லேசுப்பட்ட காரியமில்லை. தாய்மாமன்கள், பெரியப்பா, சித்தப்பா, பங்காளிகள், மாமன் மச்சான் வகையறா என்று பெயர்ப் பட்டியலே இரண்டு பக்கம் ஓடும். ஒரு பெயர் விட்டுப்போனால் அந்தக் குடும்பமே விழாவுக்கு வராது. ராத்திரி பதினோரு மணிக்குக் கண்ணீர் அஞ்சலி என்று போட்டோவும் கையுமாக வந்து நிற்பார்கள். விடிவதற்குள் சுவரில் ஒட்டியாக வேண்டும்.

பெட்டிக்குள் இருந்தவை: இன்டெல் ஐ3-2120 பிராசஸர், எச்61 சிப்செட் போர்டு, 2 ஜிபி டிடிஆர்3 ராம் இரண்டு, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7. மானிட்டர் பதினெட்டரை அங்குலம். பிரிண்டர் ஹெச்பி லேசர்ஜெட் 1020. கீபோர்டு டிவிஎஸ் கோல்டு. சடசடவென்று சத்தம் போடுகிற அந்த மெக்கானிக்கல் கீபோர்டை மதினி வேறு யாரையும் தொடவிட மாட்டார்.

கோளாறு இதுதான். பட்டனை அழுத்தினால் ஃபேன் அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிடும். விடாமல் அழுத்தினால் ஏதோ ஒரு தடவை பிடித்துக்கொள்ளும். சாயங்காலம் ஆனால் அதுவும் கிடையாது. கடைசியில் சுத்தமாக நின்றுபோனது. உள்ளூரில் பார்த்தவர் மூடியைக்கூடக் கழற்றாமல், "போர்டு போயிருச்சுக்கா, செகண்ட்ஸ்ல போர்டு, பிராசஸர், ராம் மூணும் சேர்த்து 9,500 ஆகும்" என்றிருக்கிறார். அண்ணன் மகன் இன்னும் ஒரு படி மேலே போய், "எதுக்கு சித்தப்பா இந்தப் பெட்டி? எல்லாத்தையும் போன்லயே பண்ணிரலாம்" என்றான்.

அதையும் செய்து பார்த்தோம். கம்ப்யூட்டர் கிடக்கிற நாட்களில் கடையை மூட முடியாதே. வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்புவதை வாங்குவது, ஆதாரை ஸ்கேன் செய்து ஓரம் வெட்டுவது, காசு வாங்குவது எல்லாம் போனில் பிரமாதமாக நடந்தது. குரலில் சொல்லி மனு அடிப்பதும் பரவாயில்லை, ஊர்ப் பெயரிலும் ஆள் பெயரிலும்தான் காலை வாரியது. ஆனால் 35-க்கு 45 மி.மீ. பாஸ்போர்ட் போட்டோ எட்டை ஒரே தாளில் அடுக்க உட்கார்ந்தபோது விரல் தடுமாறியது. இரண்டு பத்தியாகக் கேள்வித்தாள் அடுக்கும்போது நாலாவது கேள்வியைத் திருத்தினால் பதினாறாவது கேள்வி அடுத்த பக்கம் போகிறது. அது போனதே ஆறங்குலத் திரையில் தெரிவதில்லை. காதணி விழாப் பட்டியலில் "தாய்மாமன் வரிசை ரெண்டு வரி மேல ஏத்துங்க" என்று வாடிக்கையாளர் தோளுக்குப் பின்னால் நின்று விரலை நீட்டிச் சொல்வார். போனில் எங்கே நீட்டுவது? போதாக்குறைக்கு 1020 பிரிண்டருக்கு யுஎஸ்பி வயர் மட்டும்தான், வைஃபை கிடையாது. பிரிண்ட் எடுக்கப் பக்கத்துக் கடைக்கு ஓட வேண்டியிருந்தது. பக்கம் அமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கரில் பதிமூன்று வருஷமாகச் சேர்ந்த கோப்புகளைப் போன் சீண்டவே இல்லை. "போன மாசம் அடிச்ச அதே பத்திரிகைதான், பேரை மட்டும் மாத்துங்க" என்று வருகிறவர்கள்தான் மதினி கடையில் பாதிப் பேர்.

சரி என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு திருநகருக்கு, என் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பக்கவாட்டு மூடியைக் கழற்றியதும் கரியடுப்பைத் திறந்த மாதிரி இருந்தது. ஜெராக்ஸ் மிஷினுக்குப் பக்கத்திலேயே தரையில் வைத்திருந்ததால் தூசியோடு டோனரும் சேர்ந்து அப்பியிருந்தது. கம்ப்யூட்டருக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியின் ஓட்டைக்குள் பல்லி முட்டை ஓடு. 500 வாட் புளோயரை மொட்டை மாடியில் வைத்து ஊதினேன். ஊதும்போது எல்லா ஃபேனையும் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்று வேகத்தில் தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் தேய்ந்துவிடும். பஞ்சர் கடைக் காற்றைப் பலர் பயன்படுத்துகிறார்கள், அதில் தண்ணீர் கலந்து வரும் என்பதால் நான் போவதில்லை. டோனர் படிந்த இடங்களைக் காய்ந்த துணியாலும் பழைய பெயிண்ட் பிரஷ்ஷாலும் எடுத்தேன். டோனர் என்பது பிளாஸ்டிக் தூள், வெந்நீரோ சூடோ பட்டால் இளகி ஒட்டிக்கொள்ளும்.

முதலில் கை வைத்தது ராமில். கழற்றி, தங்க நிறத் தகடுகளைப் பள்ளிக்கூட அழிப்பான் கொண்டு தேய்த்து மாட்டினேன். ஓடியது! அன்றைக்குச் சாயங்காலம் வரை ஓடியது. மதினிக்குப் போன் போட்டுச் சொல்லியும் ஆகிவிட்டது. மறுநாள் காலை பழையபடி அரைச் சுற்று.

அடுத்த சந்தேகம் எஸ்எம்பிஎஸ். போர்டிலிருந்து 24 பின் கனெக்டரைக் கழற்றிவிட்டு, பச்சை வயரையும் ஒரு கருப்பு வயரையும் வளைத்த ஊக்கால் இணைத்தால் எஸ்எம்பிஎஸ் தனியாக ஓடும். மல்டிமீட்டரில் மஞ்சள் 12.04, சிவப்பு 5.06, ஆரஞ்சு 3.34 வோல்ட். அனுமதி ஐந்து சதவீதம் கூடக் குறைய, அதற்குள்தான் எல்லாம் இருக்கிறது. அப்படியானால் எஸ்எம்பிஎஸ் நல்லது, போர்டுதான் என்று கணக்குப் போட்டேன். போர்டில் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் சிறு குப்பி) எதுவும் உப்பியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தால் அத்தனையும் தலை தட்டையாக இருக்கின்றன. உள்ளூர்க்காரர் சொன்னதே சரியோ என்று அந்த 9,500-க்குத் தலையாட்டுகிற நிலைக்கு வந்துவிட்டேன்.

வழி தவறியது இங்கேதான். சுமையே இல்லாமல் அளந்தது ஒன்று. அளக்க வேண்டிய வயரை அளக்காதது இன்னொன்று. எஸ்எம்பிஎஸ்ஸில் ஊதா வயர் ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் அதில் 5 வோல்ட் வந்துகொண்டே இருக்கும். பட்டனை அழுத்தியதைப் போர்டு உணர்வதே அந்த மின்சாரத்தில்தான். எல்லாவற்றையும் மாட்டிய நிலையில் கனெக்டரின் பின்பக்கமாக மீட்டர் முனையை நுழைத்து அளந்தேன். 4.2 வோல்ட். 4.75-க்குக் கீழே போகக் கூடாது. பட்டனை அழுத்தியதும் 3.6-க்குச் சரிந்து ஃபேன் நின்றது. நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டினேன், முதல் அழுத்தலிலேயே உயிர் வந்துவிட்டது. போர்டுக்கு ஒன்றுமில்லை.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸைப் பிளக்கிலிருந்து எடுத்து ஒருநாள் முழுக்க வைத்திருந்துவிட்டுத் திறந்தேன். உள்ளே பெரிய கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும், அவசரப்பட்டுக் கை வைக்கிற இடமில்லை. ஊதா வயருக்கான ஸ்டாண்ட்பை பகுதியில் 10 வோல்ட் 1000 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் ஒன்று தலை உப்பிக் கிடந்தது. ராமைத் தேய்த்த அன்றைக்கு ஓடியதற்கும் அழிப்பானுக்கும் சம்பந்தமே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. கெட்டுப்போன கெப்பாசிட்டர் கொஞ்சம் சூடேறினால் ஓரளவுக்கு வேலை செய்யும். வெகுநேரம் பிளக்கில் கிடந்ததால் சூடேறியிருக்கிறது, அவ்வளவுதான். கெப்பாசிட்டர் பத்து ரூபாய். மாற்றியிருக்கலாம். ஆனால் ஃபேன் துருப்பிடித்து, உள்ளே பல்லி முட்டையும் இருந்த எஸ்எம்பிஎஸ்ஸை நம்பி இன்னொருவர் பிழைப்பை ஓட்டச் சொல்ல மனமில்லை.

மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் நடந்தேன். 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியவை அப்போது 700 ரூபாயிலிருந்தே கிடைத்தன. கையில் தூக்கினால் காலி டப்பா மாதிரி எடையே இல்லை. இந்தக் கம்ப்யூட்டருக்கு வாட் ஒரு பிரச்சினையே அல்ல. பிராசஸர் அதிகபட்சம் 65 வாட், மொத்தமும் சேர்த்து 120-ஐத் தாண்டாது. நான் தேடியது, குறைந்த வோல்டேஜிலும் மூச்சு வாங்காத ஒன்று. கடையில் சாயங்காலம் மீட்டர் வைத்துப் பார்த்தபோது 187 வோல்ட்தான் வந்தது. சாயங்காலமானால் பெட்டி முரண்டு பிடித்ததன் காரணம் அதுதான். 100 முதல் 240 வோல்ட் வரை என்று எழுதியிருந்த எஸ்எம்பிஎஸ் 2,150 ரூபாய். மொத்தச் செலவில் பெரிய தொகை இதுதான், குறைக்கவே கூடாத தொகையும் இதுதான்.

இனி ஹார்ட் டிஸ்க். விண்டோஸுக்கு மாற்றான இலவச லினக்ஸ் மின்ட்டை 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரைக் கிளப்பினேன். அதில் டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் கருவி கூடவே வருகிறது. தட்டில் கெட்ட இடங்களைக் கணக்கிடும் மாற்றப்பட்ட செக்டர்கள் என்ற வரியிலும் காத்திருக்கும் செக்டர்கள் என்ற வரியிலும் நூற்றுக்கணக்கில் எண்கள். இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டியவை. பதிமூன்று வருஷம் தினமும் பத்து மணி நேரம் சுற்றிய தட்டிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இந்த நிலையில் சாதாரணமாகக் காப்பி போடக் கூடாது. படிக்க முடியாத இடத்தில் மாட்டிக்கொண்டு டிஸ்க் திரும்பத் திரும்ப முக்கும், அதிலேயே செத்தும் போகும். டிடிரெஸ்க்யூ என்ற கருவி நல்ல இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களைக் குறித்து வைத்து, கடைசியில் அவற்றோடு மல்லுக்கட்டும். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். மேஜை மேல் ஒரு ஃபேனை டிஸ்க் பக்கம் திருப்பி வைத்து, இரவல் 1 டிபி வெளி டிஸ்க்குக்கு ராத்திரி முழுக்க எடுத்தேன். கிட்டத்தட்ட எல்லாமே வந்துவிட்டது. படிக்க முடியாமல் போன ஒருசில கோப்புகளில் ஒன்று, 2016-ல் அடித்த ஒரு கும்பாபிஷேகப் பத்திரிகை. மதினிக்கு அதில் இன்றைக்கும் வருத்தம்தான். முப்பது உபயதாரர் பெயர் அதில் இருந்ததாம்.

வாங்கியது 256 ஜிபி எஸ்எஸ்டி, அப்போதைய விலையில் 1,900. எச்61 போர்டில் சாட்டா இரண்டாம் தலைமுறைதான், நொடிக்கு 3 கிகாபிட்டுக்கு மேல் போகாது. எஸ்எஸ்டியின் முழு வேகம் கிடைக்காது என்று கடைக்காரரே சொன்னார். உண்மைதான், சோதித்தபோது நொடிக்கு 265 எம்பி வந்தது. பழைய டிஸ்க்கில் 90 தாண்டியதில்லை. போதாதா?

பழைய விண்டோஸை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகர்த்திப் பார்த்தேன். போர்டின் அமைப்புத் திரையான பயோஸில், டிஸ்க்கோடு பேசும் முறை பழைய ஐடிஇ என்று இருந்ததைப் புதிய ஏஎச்சிஐ என்று மாற்றியதும் நீலத் திரை, அதில் 7பி என்று முடியும் எண். ஐடிஇ முறையில் நிறுவிய விண்டோஸ் 7, கிளம்பும்போது ஏஎச்சிஐ டிரைவரை எழுப்பாது, அதனால் தன் டிஸ்க்கே அதற்குத் தெரியாமல் போகிறது. திரும்ப ஐடிஇ-யில் கிளப்பி, ரெஜிஸ்ட்ரியில் எம்எஸ்ஏஎச்சிஐ என்ற டிரைவருக்கான ஸ்டார்ட் மதிப்பை 3-லிருந்து 0 ஆக்கிவிட்டு மாற்றினால் சரியாகிவிடும். சரியாகவும் ஆயிற்று. அதன் பிறகு அந்த விண்டோஸையே ஓரம் கட்ட வேண்டி வந்தது வேறு கதை.

ஏனென்றால் வாட்ஸ்அப் இல்லாமல் டிடிபி கடை கிடையாது. விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2020 ஜனவரி 14-உடன் முடிந்துவிட்டது. வாட்ஸ்அப்பைத் திறக்கும் குரோம் பிரவுசர் அதில் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. விண்டோஸ் 10 போடலாம் என்றால் அதற்கும் 2025 அக்டோபர் 14 கெடு, நாங்கள் நின்றதோ அதற்குச் சற்று முந்தைய ஆவணியில். விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறை பிராசஸரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் கேட்கிறது, நம்முடையது இரண்டாம் தலைமுறை. ஆதரவு முடிந்த விண்டோஸில் ஊரார் பென்டிரைவையும் வாட்ஸ்அப் கோப்பையும் திறப்பது வம்பை விலைக்கு வாங்குவது.

வெளியே லினக்ஸ் மின்ட், எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு. அதற்குள், கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் விண்டோஸ் 7, பேஜ்மேக்கருக்கு மட்டும். இந்த ஏற்பாட்டில்தான் வந்து நின்றேன். உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு இணையமே கொடுக்கவில்லை, நெட்வொர்க் அட்டையை அணைத்துவிட்டேன். இரண்டுக்கும் பொதுவாக ஒரு ஃபோல்டர். வாட்ஸ்அப்பில் வந்ததை மின்ட்டில் இறக்கி அந்த ஃபோல்டரில் போட்டால் பேஜ்மேக்கர் எடுத்துக்கொள்ளும். இதற்கு 4 ஜிபி ராம் பற்றாது என்பதால் 4 ஜிபி டிடிஆர்3 இரண்டைப் பழைய சாமான் விற்கும் கடையில் 900 ரூபாய்க்கு வாங்கினேன். காசு கொடுப்பதற்கு முன் அங்கேயே ஒரு கம்ப்யூட்டரில் மாட்டி ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட்டச் சொன்னேன். கடைக்காரர் முகம் சுளித்தார், ஓட்டினார். நான் முதலில் எடுத்த ஜோடியில் ஒன்று சிவப்பு வரிகளாகக் கொட்டியது. அப்புறம் அவரே வேறு ஜோடியைச் சோதித்துக் கொடுத்தார்.

பேஜ்மேக்கரை ஏன் விடவில்லை என்று கேட்பவர்களுக்கு: மதினியின் கோப்புகள் எல்லாம் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. பாமினி, எல்லாக் கருவியும் புரிந்துகொள்ளும் பொதுக் குறியீடான யூனிகோடு அல்ல. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் திறந்தால் அம்மா என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். பேஜ்மேக்கர் 7-க்கு யூனிகோடே தெரியாது. வாடிக்கையாளர் போனில் தமிழில் தட்டி அனுப்புவதோ யூனிகோடு. ஆகவே அங்கிருந்து இங்கே கொண்டுவர ஒரு எழுத்துரு மாற்றி வேண்டும். கொண்டுவந்த பிறகு கொம்பும் காலும் இடம் மாறியிருக்கிறதா என்று ஒரு தடவை கண்ணால் படிக்க வேண்டும். மதினி சத்தமாகப் படித்துப் பார்ப்பார். பெயர்ப் பட்டியலில் அதுதான் பாதுகாப்பு.

அச்சிடுவதில் ஒரு முடிச்சு இருந்தது. 1020 பிரிண்டர் ஒவ்வொரு தடவை ஆன் ஆகும்போதும் கம்ப்யூட்டரிடமிருந்து தன்னை இயக்கும் மென்பொருளை (ஃபர்ம்வேர்) வாங்கிக்கொள்கிற வகை. மின்ட்டில் ஹெச்பிலிப் என்ற தொகுப்போடு அதன் கூடுதல் பிளகினையும் இறக்கினால்தான் அசையும். பிளகின் போடாமல் கொடுத்த தாளெல்லாம் வரிசையில் காத்துக் கிடந்தது, பிரிண்டர் விளக்கு மட்டும் எரிந்தது. போட்ட பிறகு தொல்லை இல்லை. பேஜ்மேக்கரிலிருந்து நேராக அச்சிட முயலவில்லை. உள்ளே ஒரு பிடிஎஃப் பிரிண்டரை வைத்து, பொது ஃபோல்டரில் பிடிஎஃப் ஆக்கி, மின்ட்டிலிருந்து அச்சு. பாமினி வடிவங்கள் பிடிஎஃப்புக்குள்ளேயே பதிந்துவிடுவதால் எழுத்து உடைவதில்லை. அதே பிடிஎஃப்பை வாடிக்கையாளர் போனுக்கு அனுப்பி "பாத்துட்டுச் சொல்லுங்க" என்றும் கேட்டுக்கொள்ளலாம். முன்பு அதற்கு ஒரு பிரிண்ட் வீணாகும்.

தமிழ் உள்ளீட்டுக்கு மின்ட்டில் ஐபஸ்ஸோடு எம்17என் தொகுப்பைச் சேர்த்தேன். தமிழ்99, தட்டச்சு முறை எல்லாம் அதில் இருக்கின்றன. மதினி கல்யாணத்துக்கு முன் உசிலம்பட்டியில் தட்டச்சு லோயர் பாஸ் செய்தவர். தட்டச்சு முறையைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததும் கொஞ்ச நேரம் திக்கினார், அப்புறம் விரல்கள் தானாகவே போயின. இப்போது புதிய மனுக்களை எல்லாம் லிப்ரே ஆபீஸில் யூனிகோடிலேயே அடிக்கிறார். கீபோர்டில் "ந" விழும் விசை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. மூடியைப் பிடுங்கி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்டு ஐம்பது தடவை அமுக்கினால் சரி. ஒரு பாட்டில் 150 ரூபாய், மீதி எனக்கு.

பிராசஸர் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பழைய பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்திருந்தது. கூலரின் நான்கு பிளாஸ்டிக் கால்களை அம்புக்குறி பக்கம் கால் சுற்றுத் திருப்பி மேலே இழுத்தால் வரும். பலம் காட்டினால் உடையும். பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்து, மாட்டும்போது குறுக்கும் நெடுக்குமாக, எதிரெதிர் கால்களாக அமுக்க வேண்டும். நான்கும் போர்டின் பின்பக்கம் முழுசாக வெளியே வந்திருக்கிறதா என்று பார்க்காமல் மூடினால் திரும்பக் கழற்ற நேரும். வேலை கொடுத்து ஓட்டியபோது முன்பு 86 டிகிரி காட்டியது 62-க்கு வந்தது. அறைச் சூடு அப்போது 35. பின்பக்கம் காலியாகக் கிடந்த 80 மி.மீ. இடத்தில் ஒரு ஃபேனும் போட்டேன்.

கடிகார பேட்டரியை மறந்துவிடாதீர்கள். சிஆர்2032 என்கிற அந்தக் காசு பேட்டரி 3 வோல்ட் காட்ட வேண்டும், 2.3 காட்டியது. அது போனால் பிளக்கைப் பிடுங்கும்போதெல்லாம் தேதி 2011-க்கு ஓடிவிடும். தேதி தவறினால் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று எந்த இணையதளமும் திறக்காது. ஏற்கெனவே இதே காரணத்துக்காக "நெட்டு வேலை செய்யல" என்று ஒருவரைக் கூப்பிட்டு 300 ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். பேட்டரி 40 ரூபாய்.

கடைசியாக யுபிஎஸ். 600 விஏ, உள்ளே 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி. சும்மா அளந்தால் 12.6 காட்டி ஏமாற்றியது. யுபிஎஸ்ஸில் 40 வாட் குண்டு பல்பை மாட்டி மெயினைப் பிடுங்கினேன், நிமிடம்கூடத் தாங்காமல் 9-க்கு விழுந்து கீச்சென்று அணைந்தது. எஸ்எம்பிஎஸ்ஸில் கற்ற பாடம் இங்கே உதவியது. பேட்டரி, பழையதைக் கொடுத்தது போக 950. புது எஸ்எம்பிஎஸ் சில யுபிஎஸ்களோடு ஒத்துப்போகாது என்று கேள்விப்பட்டிருந்ததால் ஓடும்போதே மெயினைப் பிடுங்கிச் சோதித்தேன், அசையவில்லை.

செலவு: எஸ்எம்பிஎஸ் 2,150, எஸ்எஸ்டி 1,900, யுபிஎஸ் பேட்டரி 950, ராம் 900, ஃபேன் 150, ஆல்கஹால் 150, பேஸ்ட் 120, சாட்டா வயர் 60, காசு பேட்டரி 40. மொத்தம் 6,420. பெட்டியும் மானிட்டரும் சேர்ந்து சாதாரண வேலையில் 57 வாட் இழுக்கின்றன. பத்து மணி நேரத்துக்கு அரை யூனிட்டுக்குச் சற்று மேல். ஜெராக்ஸ் மிஷின் முன்னால் இது கணக்கிலேயே வராது.

கெட்டது எஸ்எம்பிஎஸ், டிஸ்க், காசு பேட்டரி, யுபிஎஸ் பேட்டரி. நான்கும் தனித்தனியாக, அவரவர் வேகத்தில் கெட்டிருக்கின்றன, ஒரு நட்சத்திர ஸ்குரூ டிரைவரை வைத்துக்கொண்டு தனித்தனியாகவே மாற்றவும் முடிந்தது. அதே மாதத்தில் அண்ணன் மகனின் போனில் பேட்டரி உப்பிப் பின்மூடி எழும்பியது. பசையில் ஒட்டியது, சூடுபடுத்திப் பிரித்தால் திரைக்கு உத்தரவாதமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவன் புதுப் போன் வாங்கிக்கொண்டான். அதன் இஎம்ஐ கணக்கை இப்போது மதினி கம்ப்யூட்டரில்தான் போட்டு வைத்திருக்கிறான் என்பதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

அடுத்த தடவை இப்படியொரு பெட்டி கைக்கு வந்தால் வரிசையை மாற்றுவேன். எதையும் சோதிப்பதற்கு முன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் பிரதி எடுத்துவிடுவேன். இந்தத் தடவை எஸ்எம்பிஎஸ் பிரச்சினையைத் தேடிக்கொண்டு, நோயாளி டிஸ்க்கையும் மாட்டிவைத்தே ஆன் செய்து ஆஃப் செய்துகொண்டிருந்தேன், அந்தக் கும்பாபிஷேகப் பத்திரிகை அதில்கூடப் போயிருக்கலாம். இரண்டாவதாக ஊதா வயர், எல்லாம் மாட்டிய நிலையில். பழைய விண்டோஸை எஸ்எஸ்டிக்கு நகர்த்துகிற வேலையில் இறங்கவே மாட்டேன்.

கடையில் பெட்டி இப்போது தரையில் இல்லை. ஜெராக்ஸ் மிஷினுக்கு எதிர்ச் சுவரில் இரண்டடி உயரத்தில் ஆங்கிள் ஸ்டாண்டு அடித்து வைத்திருக்கிறோம், ஸ்டாண்டு அண்ணன் செலவு. வெள்ளிக்கிழமை ராத்திரி கடை அடைக்கும்போது பொது ஃபோல்டர் தானாக ஒரு பென்டிரைவுக்குப் பிரதியாகிறது. மதினி அதை வீட்டுக்கு எடுத்துப் போகிறார். பாக்கி இருப்பது பாமினிக் கோப்புகள். மனு மாதிரிகளும் கேள்வித்தாள்களும் யூனிகோடுக்கு மாறிவிட்டன. பத்திரிகைகளுக்கு, பேஜ்மேக்கர் மாதிரியான ஸ்கிரைபஸ் 1.6-ஐப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், தமிழ் எழுத்தை உடைக்காமல் காட்டுகிறது. ஆனால் பார்டர் டிசைன்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. வைகாசி முகூர்த்தம் முடிந்த பிறகுதான் அதைத் தொடலாம் என்று மதினி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.